கோழி என்ற சொல்லைப் பற்றிய புகார்

மார்ச் 4, செவ்வாய்

கோழிகளைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. ‘கோழி’ என்ற சொல்லைப் பற்றித்தான் செய்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் நிறைந்த கட்டடம் இது.

படிக்கட்டு துடைக்க வரும் பெண் இன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“ஏம்மா, அந்த வாயில்லா ஜீவனுங்க உங்களை என்ன பண்ணிச்சு? விரட்டச் சொல்லி எழுதிக் குடுத்தீங்களாமே. நாலு மாடியிலயும் இதான் பேச்சு.”

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். நகல் என்னிடம் இருக்கிறது: “கீழ் வீட்டில் குடியிருப்பவர் ‘கோழி’ என்ற சொல்லை என் வயதுக்கும் தகுதிக்கும் ஒவ்வாத முறையில் பயன்படுத்தி வருகிறார். இதை உடனே நிறுத்த ஆவன செய்யவும்.” இதில் எங்கே இருக்கிறது விரட்டுவது? சங்கச் செயலாளர் ‘கீழ் வீட்டில்’, ‘கோழி’, ‘நிறுத்த’ என்ற மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிற ஆள். வேறு எப்படிப் படிப்பார்?

துடைக்கும் பெண்ணிடம் இதையெல்லாம் விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். இந்தக் காலத்தில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை.

மார்ச் 5, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்குக் கேட்டால் மாற்றிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

கீழ் வீட்டுக்காரி ஜனவரியில் குடி வந்தாள். என் வயதுக்குப் பத்து குறைவாக இருக்கலாம். ஆஸ்பத்திரி ஒன்றின் லாண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். அது துணி காயப்போடும் விதத்திலேயே தெரிகிறது. விரிப்புகளை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கமே இல்லாமல் போடுகிறாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பின்கட்டில் கம்பி வலையடித்து மூன்று கோழி வைத்திருக்கிறாள். சங்க விதியில் நாய், பூனை பற்றி இருக்கிறது, கோழி பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அதையும் நான் குறை சொல்லவில்லை.

வந்த முதல் வாரம். நான் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்புகிறேன். கொடிக்குப் பின்னாலிருந்து, வாயில் இரண்டு துணிக் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “வான்கோழி!” என்கிறாள்.

நான் நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்து வான்கோழி என்பாளா ஒரு பெண்? நான் கஞ்சி போட்ட பருத்திப் புடவைதான் கட்டுவேன். தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன். கான்வென்ட்டில் தலையில் புத்தகத்தை வைத்து நடக்கப் பழக்கியவர்கள் நாங்கள். அதற்காகவா? மயில் என்ற நினைப்பு இவளுக்கு என்று குத்திக் காட்டுகிறாளா?

இரண்டாவது தடவை நான் நான்கு நாள் வெளியே வரவில்லை. சளி. ஐந்தாம் நாள் கீழே இறங்கினால், கதவைத் திறந்து, கையைத் தட்டி, “அடைகோழி!” என்றாள். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறேனாம்.

அதற்குப் பிறகு தினமும். “என்ன கோழி?” “எங்க கோழி?” எல்லாம் சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே சொன்னால் அவமானம் இல்லையா?

முப்பத்தொரு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். மூன்று மேலதிகாரிகள் என் காதை நம்பிப் பிழைத்தார்கள். ஒருவர் சுருட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். இன்னொருவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தெருவைப் பார்த்து டிக்டேஷன் கொடுப்பார். ஒரு சொல் விட்டதில்லை. ‘என்ன சொன்னீங்க சார்?’ என்று ஒரு தடவை கூடத் திருப்பிக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட காதில் விழுந்தது கோழி என்றால் அது கோழிதான்.

மார்ச் 6, வியாழன்

ஒரு சொல்லைப் பற்றிப் புகார் செய்தவள் அந்தச் சொல்லை முழுக்கத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டம் பதினைந்தாம் தேதி. அகராதியை இறக்கித் தூசி தட்டினேன்.

கோழி என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுப்பெயர். சேவற்கோழி, பெட்டைக்கோழி. ஆனால் பேச்சில் கோழி என்றால் பெட்டைதான். ‘ஒரு கோழி, ஒரு சேவல்’ என்றுதான் எவரும் சொல்வார்கள். அதே ஆட்கள் விடிந்தால் ‘கோழி கூவிடுச்சு’ என்கிறார்கள். கூவுவது சேவல். முட்டை போட்டுவிட்டுக் கோழி கொக்கரிக்கும், கேறும். கூவாது. கடைக்குப் போனால் கோழிக்கு உயிரே கிடையாது, ‘அரைக் கிலோ கோழி’ என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருப்பதாகக் கான்வென்ட்டில் சிஸ்டர் பெருமையடிப்பார். உயிரோடு இருந்தால் ஒன்று, தட்டில் இருந்தால் ஒன்று, மொத்தமாகப் பண்ணையில் இருந்தால் இன்னொன்று. நமக்கு ஒரே சொல்தான். கேட்கிறவர்தான் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

திட்டுவதற்கு? கையெழுத்து மோசமாக இருந்தால் கோழிக் கிறுக்கல். அரைத் தூக்கம் கோழித் தூக்கம். ஆளைச் சத்தமில்லாமல் பிடித்தால் கோழி அமுக்குவது போல அமுக்கினான் என்பது. கோழை என்பது வேறு சொல். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வான்கோழிக்கும் வானத்துக்கும் என்ன உறவு என்று என் அகராதி சொல்லவில்லை.

அடைகோழி: அடை காக்கும் கோழி. இதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடைகோழி சும்மா முடங்கிக் கிடப்பதில்லை. அதற்குக் கீழே முட்டை இருக்கிறது. அதனால்தான் எழுந்திருக்க மறுக்கிறது, கிட்டே போனால் கொத்துகிறது. எனக்குக் கீழே என்ன இருக்கிறது? ஒரு நாற்காலி. ஆகவே அந்தச் சொல் பொருளளவிலும் தவறு. இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

வேண்டாம். இதைச் சொல்ல வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

மகன் கூப்பிட்டான். இந்த ஃபோன் நாளுக்கு நாள் மோசமாகிறது. பாதிச் சொல் வருகிறது, பாதி எங்கேயோ போகிறது. வேலை, பிள்ளையின் பரீட்சை, அப்புறம் ஏதோ. “சரிப்பா” என்றேன். இன்னும் ஏதோ. “சரிப்பா, சரி.” கடைசியில் கத்தினான்: “அம்மா! கேக்குதா இல்லையா? நான் கேள்வி கேட்டேன்மா!”

“உங்க ஊர்ல லைன் சரியில்ல” என்று வைத்துவிட்டேன்.

அவனுக்கு என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். போன வருடமே சொல்லிவிட்டான்: “தனியா இருக்க முடியலேன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் உங்களைக் கேக்கவே மாட்டேன்மா. வண்டியோட வந்து நிப்பேன்.” அன்பாகத்தான் சொன்னான். அந்த வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். துணி இஸ்திரி போடும் மேஜைக்குப் பக்கத்தில்.

மார்ச் 11, செவ்வாய்

கெட்டிலில் விசில் கெட்டுவிட்டது. தண்ணீர் சுண்டி, அடி கறுத்து, புகை வந்த பிறகுதான் தெரிந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. இப்போது எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வதில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று யாரோடும் பேசவில்லை. நேற்றும்.

அவர் இருந்தபோது காலையில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். “என்ன ஸ்டெனோ, எழுதிக்கிறியா?” என்பார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். அவர் போன பிறகு நான் மகனுக்கு அம்மா, கட்டடத்துக்கு மேல் வீட்டம்மா. இரண்டும் பெயர் இல்லை. உறவு ஒன்று, விலாசம் ஒன்று.

கோழி என்றாவது ஒருத்தி கூப்பிடுகிறாளே என்று ஒரு நிமிடம் தோன்றியது. உடனே வெட்கமாகிவிட்டது. எழுதாமல் விட்டிருக்கலாம்.

மார்ச் 15, சனி

கூட்டம். செயலாளர் வீட்டுக் கூடம். முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

நான் எழுந்து நின்று, என் புகார் பறவைகளைப் பற்றியது அல்ல, ஒரு சொல்லைப் பற்றியது என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. மூன்றாவது மாடிக் கணக்கர் நேராக என் எதிரே வந்து கும்பிட்டார்.

“அம்மா, நீங்களாவது தைரியமா எழுதிக் குடுத்தீங்களே! விடியுறதுக்கு முன்னாடி கோழி கூவி எங்க வீட்ல ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “கோழி கூவாது. கூவுவது சேவல். கீழே இருப்பது மூன்றும் கோழி. நான் அவற்றுக்கு நேர் மேலே குடியிருக்கிறேன், ஒரு நாளும் எதுவும் கூவியதில்லை. இல்லாததைச் சொல்லக் கூடாது” என்றேன்.

கூடம் அமைதியாகிவிட்டது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. செயலாளர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் செயலாளரின் மனைவியைப் பார்த்தார். பிறகு செயலாளர் என் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போல் உரக்கச் சொன்னார்:

“அம்மா, அதுல ஒண்ணு சேவல். செவப்பா, கறுப்பு வாலோட நிக்குதே, அது. உங்க படுக்கை ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ நின்னுதான் தினமும் கூவுது. தெருவே முழிச்சுக்குது.”

“குடுத்து வச்சவங்க!” என்றார் கணக்கர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குக் கேட்டது. இல்லை, பார்த்தேன்.

கீழ் வீட்டுக்காரி கடைசி நாற்காலியில் இருந்தாள். மடியைப் பார்த்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னாள். ஒரு சொல் பிடிபடவில்லை. தீர்மானத்தைச் செயலாளர் எழுதிக் காட்டினார்: எழுத்து மூலமான புகார் வந்திருப்பதால் இருபத்து மூன்றாம் தேதிக்குள் பறவைகளை அகற்ற வேண்டும். கூட்டம் கலைந்தபோது அவள் என்னைத் தாண்டிப் போனாள். என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். முடிவில் ‘கோழி’.

இப்போது கூடவா?

மார்ச் 16, ஞாயிறு

இருட்டு விலகும் முன்பே ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்றில் ஒன்று பெரிது. சிவந்த கொண்டை, கழுத்தில் தொங்குசதை, அரிவாள் மாதிரி வளைந்த கறுப்பு வால். இரண்டு மாதமாக மேலேயிருந்து பார்க்கிறேன். அகராதி பார்த்தவள் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. கீழ் வீட்டுக்காரி மூன்றையும் ‘கோழிங்க’ என்பாள். நானும் சொல்லை நம்பிவிட்டேன்.

வெளிச்சம் வந்தது. அது தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறியது. இறக்கையை அடித்தது. கழுத்தை மேலே மேலே நீட்டியது. அலகு பிளந்தது. கழுத்து மயிரெல்லாம் சிலிர்த்து, உடம்பு முழுக்கக் குலுங்கி, கண்ணை மூடிக்கொண்டு, மூச்செல்லாம் கொட்டிவிட்டது போல இறங்கியது. மறுபடி. மறுபடி.

ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

எதிர் வீட்டில் ஒருவர் போர்வையோடு வெளியே வந்து, அதைப் பார்த்து ஏதோ வைதுவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 17, திங்கள்

கெட்டிலில் விசில் கெடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கதவுக்கு அடியில் நிழல் விழுந்ததைப் பார்த்துத் திறந்தேன். எவ்வளவு நேரம் தட்டினாளோ. கீழ் வீட்டுக்காரி, கையில் ஒரு கிண்ணம், அதில் இரண்டு முட்டை. படிக்கட்டு ஜன்னலிலிருந்து வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. வாயில் கிளிப் இல்லை. முதல் தடவையாக அவள் பேசுவதைக் கிட்டத்தில் பார்த்தேன்.

“இந்தாங்க கோழி” என்றாள்.

அப்படித்தான் காதில் விழுந்தது. ஆனால் கண்ணில் விழுந்தது வேறு. ‘இந்தாங்க’ முடிந்ததும் அவள் நாக்கு நுனி மேல் பல்லைத் தொட்டது.

‘க’ சொல்ல நாக்கு நுனி பல்லுக்கு வராது. அது பின்னால், தொண்டைப் பக்கம் நடக்கிற வேலை. வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு இது எப்படித் தெரியும்? கான்வென்ட்டில் உச்சரிப்புப் பாடத்துக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுப்பார் சிஸ்டர். “நாக்கு எங்கே பெண்ணே? எனக்கு நாக்கைக் காட்டு.” மூன்று வருடம் முதல் பரிசு நான்தான். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ‘கே’ படுத்துக் கிடக்கும் கோடு, ‘டீ’ நிமிர்ந்து நிற்கும் கோடு. ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

“முட்டைங்க. அதுங்க போறதுக்குள்ள போட்டது. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்.”

“அது இல்லை. என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?”

அவள் முகம் மாறிவிட்டது. அதட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அதட்டித்தான் கேட்டிருப்பேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாதே.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் பேருங்க நிக்காது மனசுல. லாண்டரியில அத்தனை பொம்பளைங்க, மெஷின் சத்தம் வேற. எல்லாரையும் தோழின்னுதான் கூப்புடுவேன். அவங்களும் என்னை அப்படித்தான். உங்களுக்குப் புடிக்கலேன்னா விட்டுடறேங்க.”

இதை நான் கேட்டேன் என்று எழுத முடியாது. பாதி கேட்டேன், பாதி பார்த்தேன், மீதியைக் கூட்டிக்கொண்டேன். ‘தோழி’ மட்டும் சந்தேகமே இல்லை. பல்லில் நாக்கு. இரண்டு தடவை.

வாங்க தோழி. அட தோழி. என்ன தோழி. எங்க தோழி.

கூட்டத்தில் என் தோளைத் தொட்டுச் சொன்னது? ‘பரவால்ல தோழி’யாக இருக்குமோ?

அப்போது நான் என்ன செய்தேன்? “முட்டைக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 19, புதன்

படிக்கட்டில் கீழ் வீட்டு அம்மையாரைப் பார்த்தேன். ஒதுங்கி வழிவிட்டார். “வாங்கம்மா” என்றார்.

அது தெளிவாகப் புரிந்தது. ‘ம்மா’வுக்கு உதடு இரண்டும் ஒட்டும்.

மார்ச் 20, வியாழன்

எழுத்து மூலமான புகாரை எழுத்து மூலமாகத்தான் வாபஸ் வாங்க முடியும். வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் நான்கு மாடிக்கும் தெரியும். செயலாளரிடம் மகனுடைய எண் இருக்கிறது. தெரிந்த அன்றே வண்டி வந்து நிற்கும். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் கட்டில்.

வேறு காரணம் எழுதலாமா? ‘மனம் மாறிவிட்டது’ என்று? என் மனம் எப்போது மாறியிருக்கிறது, யார் நம்புவார்கள்? சும்மா இருந்துவிட்டால்? மூன்று பறவை போகும். அவ்வளவுதான். அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் தலையை நிமிர்த்தி நடந்து போவேன். காது கேட்கவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே எத்தனை நாள்? கெட்டில் எரியும்வரை.

என்னதான்டி உனக்குப் பயம்? செவிடுன்னு சொல்லிடுவாங்கன்னா? சொல்லட்டுமே. உனக்குத்தான் கேக்காதே.

எழுதிவிட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து நாளாகிறது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்: “நான் கொடுத்த புகாரை வாபஸ் பெறுகிறேன். அதில் குறிப்பிட்ட சொல் ‘கோழி’ அன்று, ‘தோழி’. எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் இந்தப் பிழை நேர்ந்தது. கீழ் வீட்டில் குடியிருப்பவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.”

இந்தத் தடவை முழுவதும் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என் காதோரம் வந்து கத்த ஆரம்பித்தார்.

“கத்தாதீங்க. எதிர்ல நின்னு மெதுவாச் சொல்லுங்க” என்றேன்.

எதிரே வந்து நின்றார். “இதெல்லாம் எதுக்கும்மா எழுதிக்கிட்டு? உடம்பு சரியில்லன்னு போட்டுக்கலாம். நாலு பேர் படிப்பாங்க.”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. காதுதான் சரியில்ல. எழுதினபடியே போடுங்க.”

என் கண் முன்னாலேயே அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி மாட்டினார். தண்ணீர் நிறுத்தும் நேரத்துக்கும் மின்தூக்கிப் பழுதுக்கும் நடுவில். கணக்கர் பையோடு வந்தவர் நின்று படித்தார். என்னைப் பார்த்தார். அன்று மாதிரியே கும்பிட்டார், ஆனால் இன்று கணக்கர் சிரிக்கவில்லை.

பிழை இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன். பார்க்க அழகாகக் கூட இருக்கிறது. இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் படியேறினேன்.

மார்ச் 22, சனி

பின்கட்டு காலி. வலைக் கதவு திறந்து கிடக்கிறது, தண்ணீர்த் தொட்டி கவிழ்த்து வைத்திருக்கிறது. துடைக்கும் பெண்ணைப் பிடித்து நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

“நேத்துக் காலைலயே வண்டி வச்சுத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டாங்கம்மா. ‘கெடு வர்ற வரைக்கும் காத்திருந்து பேச்சு வாங்குறதுக்கு முன்னாடியே அனுப்பிடலாம்’னாங்க. அந்தச் சேவலைத் தூக்கிக் கூடையில வைக்கும்போது அழுதுட்டாங்க பாவம்.”

நேற்றுக் காலை. நான் செயலாளர் வீட்டுக்குப் போனது நேற்று மாலை.

அவருக்கும் கௌரவம் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று இரண்டு காரியம் செய்தேன். ஒன்று முடிந்தது.

மகன் கூப்பிட்டான். எடுத்ததும், அவன் பேசுவதற்கு முன்பே சொன்னேன்: “எனக்குக் காது கேக்கலப்பா. ஃபோன் நல்லாத்தான் இருக்கு. எதுவானாலும் மெசேஜா எழுதி அனுப்பு.” வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: “எப்ப இருந்தும்மா?” கேட்காததை எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? “தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போகிறேன். போய் வந்து எழுதுகிறேன். வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம்” என்று அனுப்பினேன். ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு: “சரிம்மா. வண்டி எடுக்கல. டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காம எழுதணும்.” நான் ‘சரிப்பா’ என்று எழுதினேன். இந்தத் தடவை எதற்குச் சரி சொல்கிறேன் என்று தெரிந்து எழுதினேன்.

இரண்டாவது. கீழே போய் அவர் கதவைத் தட்டினேன். கதவு மூடியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன். உள்ளே இருந்து ‘யாரு?’ என்றாரோ, ‘வாங்க’ என்றாரோ, ‘போங்க’ என்றாரோ! மூடிய கதவுக்கு உதடும் இல்லை, நாக்கும் இல்லை. நான் அங்கேயே நின்றேன். ‘வாங்க’ என்று சொல்லியிருந்தால் நான் நுழையாமல் நிற்பது மரியாதை இல்லை. ‘போங்க’ என்று சொல்லியிருந்தால் நின்றுகொண்டிருப்பது மரியாதை இல்லை. கைப்பிடியில் கை வைத்தேன், எடுத்தேன்.

மேலே வந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் எழுதி, அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். நகல்:

“கீழ் வீட்டு அம்மையாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கதவைத் தட்டியது நான்தான். நீங்கள் உள்ளிருந்து ஏதேனும் சொல்லியிருந்தால் அது எனக்குக் கேட்கவில்லை. பதில் சொன்னதையும் மதிக்காமல் திரும்பியதாக நினைக்க வேண்டாம்.

அறிவிப்புப் பலகையில் இருப்பதைப் படித்திருப்பீர்கள். ஜனவரி முதல் நீங்கள் என்னைத் தோழி என்று அழைத்து வந்தீர்கள். ஜனவரி முதல் நான் அதைக் கோழி என்று கேட்டுக் கோபித்து வந்தேன். தவறு என் காதுடையது. ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புகார் எழுதியது என் கை. அதற்குக் காதைச் சாக்குச் சொல்ல மாட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்.

பறவைகளைத் திரும்பக் கொண்டுவர இனி தடை எதுவும் இல்லை. செயலாளரிடம் எழுத்தில் உறுதி வாங்கிவிட்டேன். மூன்றாவது மாடிக் கணக்கர் ஆட்சேபித்தால் விதியைக் காட்டி நானே பேசிக்கொள்கிறேன். அவர் பேசுவது எனக்குக் கேட்காது என்பதால் அந்த வாதத்தில் நான்தான் ஜெயிப்பேன். சேவலையும் அவசியம் கொண்டுவரவும். அது கூவுவதை நான் ஒரு நாள் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. கடந்த வாரம் முதல் நீங்கள் என்னை ‘அம்மா’ என்று அழைக்கிறீர்கள். அப்படி அழைக்க எனக்கு ஒரு மகன் இருக்கிறான். நீங்கள் முன்பு அழைத்து வந்த சொல்லே எனக்குச் சம்மதம். அதை நான் இனிமேலும் தவறாகவே கேட்கக்கூடும். ஆனால் எதிரே நின்று சொன்னால் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

சனிக்கிழமை மாலை தேநீருக்கு என் வீட்டுக்கு வர இயலுமா? நாலு மணிக்குக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன், தட்ட வேண்டியதில்லை. வருவதானாலும் வராவிட்டாலும், தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் தரவும்.”